கொக்கு லாரியும் செத்த காதும்

கிரேன் தொழிலில் சுமை தரையில் கிடக்கும்போது ஒரு கவலை, ஆகாயத்தில் தொங்கும்போது ஒரு கவலை, நல்லபடியாக இறங்கிவிட்டால் அடுத்த சுமையைப் பற்றிய கவலை. உங்கள் வீட்டு ஆண்பிள்ளையும் ஏதாவது ஒரு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவராக இருந்தால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது நெல் மில்லோ, பஸ்ஸோ, எதுவாக இருந்தால் என்ன, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் உங்கள் காது தெருவில்தான் இருக்கும்.

சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரர் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். பக்கத்தில் ஒரு டயர் வெடித்து இடது காது செத்துப்போய் ஊர் திரும்பினார். அந்தக் காதில் வேட்டுப் போட்டாலும் கேட்காது. சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் வேண்டாத வண்டிகளை ஏலம் போட்டபோது, முதுகில் நீள இரும்புக் கை பொருத்திய ஒரு லாரியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நெல் மூட்டை ஏற்றுகிற லாரி என்று நினைத்து நான் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தேன். அந்தக் கழுத்தையும் கொக்கியையும் பார்த்ததும் கற்பூரம் ஏற்றக்கூடக் கை வரவில்லை.

தேனியில் அதைக் கொக்கு லாரி என்றார்கள். போடி தண்டவாளத்தைச் சண்டைக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் எல்லாப் பாரமும் ரோட்டு வழியாகவே வந்த காலம். வந்த பாரத்தை மாட்டுவண்டி திரும்பாத சந்துக்குள் கொண்டுபோய் மாடிக்கு ஏற்ற, இந்தப் பக்கத்தில் எங்களை விட்டால் ஆள் கிடையாது.

கயிறு என் கைக்கு வந்தது

வீட்டுக்காரர் லாரியின் முதுகில் ஒரு இரும்பு இருக்கையில் உட்கார்ந்து, வடத்தைச் சுற்றும் விஞ்சை ஓட்டுவார். அவருக்குத் தம்பி முறையான கருப்பணன் கொக்கி மாட்டிவிட்டு மேலே ஏறி நின்று கையால் சைகை காட்டுவான். மூன்றாவது ஆள் சுமையின் ஒரு முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது சுழலாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமை மேலே இருக்கும்போது யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் ஒருவரை அப்படிக் கூப்பிட, அவர் திரும்ப, அவர் கையோடு விஞ்சின் நெம்புகோலும் திரும்பி, கீழே நின்றவரை அள்ளித்தான் எடுத்தார்களாம். அதனால் எங்களுக்குக் கைச்சைகை, தப்பினால் கருப்பணன் ஊதுகிற விசில், அவ்வளவுதான்.

முதலில் கயிறு பிடித்தவர் வருசநாட்டுக்காரர், நல்ல பலசாலி. சின்னமனூரில் ஒரு மில்லுக்கு இஞ்சின் இறக்கும்போது கதண்டுக் குளவிக் கூடு கலைந்து கொட்ட வந்தது. கயிற்றை விட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டம் வாய்க்காலில்தான் நின்றது. இஞ்சின் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. வீட்டுக்காரர் விஞ்சைப் பூட்டினார், லாரியிலிருந்து குதித்தார், இழுபட்டுக்கொண்டு போன கயிற்றைப் பிடித்தார். கயிறு கைவிட்டுப் போனால் இதுதான் செய்ய வேண்டியது. பூட்டு, குதி, பிடி. யோசிக்கிறவனுக்கு இந்தத் தொழில் கிடையாது என்பார்.

வாய்க்காலில் விழுந்தவர் மறுநாள் மாமனார் தோட்டத்தைப் பார்க்கப் போனவர்தான், திரும்பவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை நீ பிடி என்றார் வீட்டுக்காரர். நான் பிடிப்பதைப் பார்த்த மில்காரர் அவரிடம் சொன்னது: “கவலைய விடுங்க, பொம்பளையாளு புடிச்சா விடமாட்டாக. எம்பொஞ்சாதி கையில இருந்து பீரோ சாவிய இன்னும் என்னால வாங்க முடியல.”

போடிச் சந்தில்

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டு மாடிக்கு இரும்புப் பெட்டி ஏற்றினோம். லாரி சந்துக்குள் போனபோது இரண்டு பக்கமும் ஒரு கைவிரல் போக இடமில்லை. பெட்டி மேலே போகப் போக ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உச்சி வெயில். விஞ்சின் பல்சக்கரம் நகரும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு வடத்தைப் பற்றிக் கவலை, கொக்கியைப் பற்றிக் கவலை, வீட்டு மாடியில் காயப்போட்டுவிட்டு வந்த மிளகாயைப் பற்றியும் கவலை.

பெட்டி உள்ளே போனதும் வீட்டுக்காரர் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். இடது காதைத் தேய்த்துக்கொண்டே, “ஏன் கூப்பிட்ட?” என்றார். நான் வாயே திறக்கவில்லை என்றேன். சந்தின் கடைசியிலிருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேனாம். பேரைச் சொல்லி, இறங்குங்க, இறங்குங்க என்றேனாம். இரண்டாவது தடவை தொண்டை கிழிந்த மாதிரி இருந்ததாம். என் குரல்தான், ஆனால் செத்த காதில் கேட்டதாம்.

கட்டிய நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்தான் சொல்வாள்? ரேஷன் கடைக்காரர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்வேன். இங்கேயும் எழுதப்போவதில்லை. அப்படிப்பட்டவள் நடுச்சந்தில், சுமை தொங்கும்போது கூப்பிடுவேனா? சந்தேகத்துக்கு வியாபாரி வீட்டம்மாவைக் கேட்டேன். அந்த அம்மா மேலே ஜன்னலிலிருந்து சொன்னார்: “நாங்கல்லாம் மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருந்தோம், ஒரு காக்காகூடக் கத்தல. யாரும்மா கூப்பிட்டது?”

கம்பத்து மாடுகள்

டயர் வெடித்த காது, வெயிலில் ஏதோ இரைச்சல் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பத்தில் அந்தச் சமாதானமும் போயிற்று. அங்கே மலையாளத்திலிருந்து வந்து மிளகு வியாபாரம் செய்கிற ஒருவர் சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டினார். பஜாருக்குப் பின்னால் இருந்த குறுகிய தெருவில் லாரியை நிறுத்தித் தேக்கு உத்திரத்தைத் தூக்கினோம். மெட்டு மலைப்பாதை இறங்கி வந்த வண்டிகள் எங்களுக்காக வரிசையாகக் காத்து நின்றன. மாடுகள் தலையைத் தொங்கப்போட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன.

நான் எப்போதும்போல அவருக்கு வலப்பக்கம் நின்றேன். நல்ல காது இருக்கிற பக்கம், கடைக்கண்ணில் என்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்ன இடம். உத்திரம் பாதி உயரத்தில் இருந்தபோது அவர் கழுத்து நரம்பு விறைத்ததைப் பார்த்தேன். அதே நேரத்தில் அத்தனை மாடுகளும் அசைபோடுவதை நிறுத்தின. தலையைத் தூக்கின. எல்லாம் ஒரே இடத்தை, லாரிக்கு இடப்பக்கம் இருந்த கூரையின் விளிம்பைப் பார்த்தன. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஓடு, அதன்மேல் கொஞ்சம் காய்ந்த பாசி.

அவர் திரும்பவில்லை. உத்திரத்தை உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினார். அதே குரலாம், அதே வார்த்தைகளாம், ஆனால் இந்தத் தடவை சந்துக் கடைசியிலிருந்து இல்லை, கூரை உயரத்திலிருந்து. கிட்டே வந்துவிட்டது என்றார். அந்தக் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று கருப்பணன் தெருவில் விசாரித்தான். ஒருவருக்கும் கேட்கவில்லை. மிளகு வியாபாரி மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மாடுக எல்லாம் திரும்பிப் பாத்தல்லோ. நமக்கு மாத்திரம் ஒண்ணும் கேட்டில்ல.”

கோடாங்கியின் கல்தூண்

அன்று திரும்பும்போது உத்தமபாளையம் தாண்டியதும் லாரியை நிறுத்தச் சொன்னேன். என் உள்ளங்கையை நீட்டிச் சத்தியம் கேட்டேன். எந்தக் குரல் கூப்பிட்டாலும், அது என் குரலாகவே இருந்தாலும், செத்த காதில் கேட்டால் திரும்பக் கூடாது. என் பயம் இதுதான்: ஒருநாள் மனசு கேட்காமல் அவர் திரும்புவார், கை நழுவும், கருப்பணனோ தெருவில் நிற்கிற யாரோ நசுங்குவார்கள், அந்தப் பழியோடு இவரும் பிழைத்திருக்கமாட்டார். அது அதற்காகத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். அவர் சிரிக்காமல் சத்தியம் செய்தார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து வீரபாண்டிப் பக்கம் ஒரு கோடாங்கி, தன் வீட்டுக் கோயில் முன்னால் கல்தூண் நிறுத்தக் கூப்பிட்டார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். காலை வேலை, தெருவெல்லாம் மஞ்சள்நீர் தெளித்திருந்தது. தூண் செங்குத்தாகக் கிளம்பியபோது வீட்டுக்காரரின் இடது தோள் மட்டும் லேசாகத் துள்ளியது, யாரோ தொட்ட மாதிரி. சத்தியத்தைக் காப்பாற்றினார். தூணைக் குழியில் இறக்கியபின் கேட்டால், லாரியின் மட்கார்டுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டது என்றார். எட்டினால் கையைப் பிடித்துவிடலாம் போலிருந்ததாம்.

நான் கோடாங்கியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பெண்கள் கிணற்றிலும் ஆற்றிலும் போயிருக்கிறார்கள், அதில் எவளோ என் குரலை எடுத்துக்கொண்டாள் என்றேன். அவர் உடுக்கையை எடுத்து மெதுவாகத் தட்டினார். பாட்டுப் பாடவில்லை, சாமி ஆடவில்லை. காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். பிறகு உடுக்கையின் கயிற்றைத் தளர்த்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எலுமிச்சம்பழம், தாயத்து ஏதாவது கொடுப்பார் என்று முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் கொடுத்தது இது மட்டும்தான்: “இது செத்தவ குரல் இல்ல ஆத்தா. உசுரோட இருக்கவ குரல்.”

வெல்ல மண்டிச் சுவர்

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவள் என்றால் படையல் போடலாம், உயிரோடு இருக்கிறவளை என்ன செய்வது? எவள் அவள், எனக்குத் தெரியாமல் இவருக்கு வேறு யாராவது உண்டா என்றுகூட யோசித்து ஒருநாள் கேட்டும்விட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நீதான் என் முதுகுக்குப் பின்னால் கயிற்றோடு நிற்கிறாய், இன்னொருத்தி எங்கே நிற்பாள் என்றார்.

ஐப்பசியில் விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு நாள், தேனி பஜாரில் வெல்ல மண்டி ஒன்றுக்கு இரும்பு உத்திரம் ஏற்றப் போனோம். சந்தின் இடப்பக்கம் சாக்கடை. அதன் மூடுகல் லாரியைத் தாங்காது. அதனால் வண்டியை வலப்பக்க மண்சுவரை ஒட்டி நிறுத்தினோம். எனக்கு வழக்கமான இடம் இல்லாமல் போயிற்று. இடப்பக்கம் சாக்கடைக் கல்மேல், அவருக்குச் சற்றுப் பின்னால், உத்திரத்தின் வால்பக்கக் கயிற்றைப் பிடித்து நின்றேன். முதல் தடவையாக அவருடைய செத்த காது என் பக்கம் இருந்தது. அதை நினைத்தும் கவலைப்பட்டேன், சாக்கடை நாற்றத்தில் மறந்தும்போனேன்.

உத்திரம் மேலே போயிற்று. கருப்பணன் மாடியில், புதுச் சுவருக்கு அந்தப் பக்கம், அதன் முனையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைகூட எனக்குத் தெரியவில்லை. அப்போது லாரிக்கு மேலாக எதிரே இருந்த மண்சுவரைப் பார்த்தேன். அதன் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. காற்று இல்லை, யாரும் தொடவில்லை. அப்படியே சுவர் மெதுவாக, மூச்சு இழுக்கிற வயிறு மாதிரி, அவர் முதுகுப் பக்கம் உப்பியது.

என் வாய் திறந்தது. அவர் பேரைச் சொன்னேன். “இறங்குங்க” என்று கத்தினேன். அவர் கழுத்து நரம்பு விறைத்தது. மறுபடியும் “இறங்குங்க” என்றேன். தொண்டை கிழிந்தது. அது எனக்கே கேட்டது. அவர் இன்னும் நேராக, இன்னும் கெட்டியாக முன்னால் பார்த்து உட்கார்ந்தார். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நான் கயிற்றை விட்டேன். உத்திரத்தின் வால் சுழன்றது. அவர் யோசிக்கவில்லை. பூட்டினார், இடப்பக்கம் குதித்தார், சாக்கடைமேல் இழுபட்டுக்கொண்டு போன கயிற்றைத் தாவிப் பிடித்தார். பிடித்தபின்தான் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டு வெளியே வருவதற்குள் சுவர் வந்தது. இரும்பு இருக்கை இருந்த இடத்தில் ஒரு பாரம் மண்ணும் ஒரு ஜன்னல் சட்டமும் கிடந்தன.

புழுதி அடங்கியபின் பார்த்தோம். உத்திரத்தின் முனை எதிர்க்கடைப் பலகையை உடைத்திருந்தது, அதோடு சரி, ஒருவருக்கும் காயம் இல்லை. கருப்பணன் முனையை விட்டுவிட்டு மாடித் தரையில் படுத்துத் தப்பியிருந்தான். வீட்டுக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே சாக்கடைக் கல்லில் உட்கார்ந்தார். “இடது காதுலதான் கேட்டுச்சு. அதான் திரும்பல,” என்றார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த இருக்கையை நிமிர்த்தி மறுபடியும் தொழிலுக்குப் போனோம். போனால்தானே பிழைப்பு. இன்றுவரை எந்தச் சந்திலும் அந்தக் குரல் வரவில்லை. அந்தக் காது இப்போது முழுசாகச் செத்த காது. நான் பக்கத்தில் நின்று கத்திக்கூடப் பார்த்துவிட்டேன், பேர் சொல்லாமல்தான். ஆனால் அன்று மாடியிலிருந்து இறங்கி வந்த கருப்பணன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவர் நின்ற வெறும் இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் சில நாட்களில் என்னை அடுப்படியிலேயே நிறுத்திவிடும்: “மதினி, இன்னைக்கு நீங்க போட்ட சத்தந்தான் போடியிலயும் கம்பத்துலயும் முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கு.”

எப்படியோ, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அதற்கும் அந்த மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை.